செல்போன் பேச்சுக்கு சொந்தமா பூட்டு போட முடியுமா? ஒட்டுக்கேட்பு மர்மமும் ‘என்கிரிப்ஷன்’ ரகசியமும்!

சென்னை:

"போன்ல வேணாம்ப்பா... நேர்ல வா, சொல்றேன்."

டீக்கடையில் ஆரம்பித்து கோட்டை வரைக்கும் தினமும் கேட்கிற வசனம் இது. சீட்டு பிடிக்கிறவர், யூனியன் தலைவர், வக்கீல், நிலம் வாங்கி விற்கும் புரோக்கர், புருஷன் கொடுமை தாங்காமல் அம்மா வீட்டுக்கு ரகசியமாக பேசும் பெண்... எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். நடுவுல எவனாவது கேட்டுக்கிட்டு இருப்பானோ?

"நம்ம போனுக்கு நாமளே ஒரு பூட்டு போட்டுக்கிட்டா என்ன? செல்போன் கம்பெனிக்காரனுக்கே புரியாத மாதிரி பேச்சை மாத்தி அனுப்ப முடியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு, சாலிடரிங் என்று கில்லாடியாக இருக்கும் பசங்களுக்கும் இந்த ஆசை வந்து போகும். ஒரு சின்ன பெட்டி, ஹெட்போன் ஒயர், அவ்வளவுதானே என்று தோன்றும்.

அவ்வளவு சுலபம் இல்லை. ஏன் என்பது சுவாரஸ்யமான கதை. அதற்கு முன்னால் நம்ம ஊர் கோர்ட்டு சமாசாரம் ஒன்று.

ஐகோர்ட்டு போட்ட போடு

2025-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு சொன்னார். லஞ்ச வழக்கு ஒன்றில் சென்னையைச் சேர்ந்த கம்பெனி நிர்வாகி ஒருவரின் செல்போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருந்தது. அந்த உத்தரவை ஐகோர்ட்டு ரத்து செய்தது.

குற்றத்தைக் கண்டுபிடிக்கணும் என்பதற்காக மட்டும் ஒருத்தர் போனை ரகசியமாக ஒட்டுக்கேட்க முடியாது, பொது அவசர நிலை அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு என்ற காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒட்டுக்கேட்ட விவரத்தை மறு ஆய்வுக் குழு முன்பு வைக்காததையும் கோர்ட்டு சுட்டிக்காட்டியது.

இதெல்லாம் புதுசு இல்லை. 1996 டிசம்பரிலேயே பி.யு.சி.எல். அமைப்பு போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விதிமுறை வகுத்து விட்டது. மத்தியில் உள்துறை செயலாளர், மாநிலத்தில் மாநில உள்துறை செயலாளர் உத்தரவு போட்டால்தான் ஒட்டுக்கேட்கலாம். கீழே இருக்கிற போலீஸ்காரர் நினைத்த மாத்திரத்தில் செய்கிற காரியம் அல்ல. 1885-ம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்து தந்தி சட்டத்தின் 5-வது பிரிவை வைத்துத்தான் பல வருஷம் வண்டி ஓடியது. இப்போது 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டம் வந்திருக்கிறது. சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டால் 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது இந்த சட்டம்.

ஆக, ஒட்டுக்கேட்க முடியும் என்பது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. எப்படி முடிகிறது? உங்க பேச்சு காற்றில் போகும்போது பூட்டு இருக்கத்தானே செய்கிறது?

பாதி வழி வரைக்கும்தான் பூட்டு!

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். செல்போன் பேச்சுக்கு பூட்டு உண்டு. ஆனால் அது உங்க போனில் இருந்து டவர் பக்கம் போகும் வரைக்கும்தான். அதாவது காற்றில் போகிற தூரத்துக்கு மட்டும். கம்பெனியின் கருவிக்குள் நுழைந்ததும் பூட்டு திறந்து விடும். அதற்கப்புறம் கேபிள் வழியாக கம்பெனியின் பெரிய எக்ஸ்சேஞ்சுக்கு போய், அங்கிருந்து எதிராளியின் டவருக்குப் போய், மறுபடியும் இன்னொரு பூட்டு மாட்டிக் கொண்டு அவர் காதுக்குப் போகிறது.

சென்னையில் இருந்து மதுரைக்கு மூட்டை அனுப்புகிறீர்கள். வீட்டில் இருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் பூட்டிய பெட்டி. பஸ்சில் திறந்த பெட்டி. மதுரையில் இறங்கி மறுபடி பூட்டிய பெட்டி. அந்த கதைதான் இது. சட்டப்படி ஒட்டுக்கேட்பவர்கள் காற்றில் இருந்து பிடித்து மண்டையை உடைத்துக் கொள்வதே இல்லை. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சிலேயே ஒரு காப்பி போய்விடும்.

அந்த பாதி வழி பூட்டாவது கெட்டியா என்றால், 2ஜி விஷயத்தில் அதுவும் ஓட்டைதான்.

ரகசியம்னு மூடி வெச்சதே வினை

ஜி.எஸ்.எம். என்கிற 2ஜி முறையில் பேச்சை பூட்டுவதற்கு ‘ஏ5/1’ என்று ஒரு சங்கேத முறை. 1980-களின் கடைசியில் ஐரோப்பாவில் உருவானது. சாவியின் நீளம் 64 பிட். அதிலும் பல சிம் கார்டுகளில் கடைசி 10 பிட் வெறும் பூஜ்யமாகவே போட்டு வைத்திருந்தார்கள். அதாவது கணக்குக்கு 64, உண்மையில் 54! வெளிநாட்டு ஏற்றுமதிக்கு என்று ‘ஏ5/2’ என்ற சொத்தை பூட்டு வேறு தனியாக செய்தார்கள்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை யாருக்கும் சொல்லாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள். என்ன ஆச்சு? 1994-ல் கொஞ்சம் கசிந்தது. 1999-ல் ஒரு போனைப் பிரித்து மேய்ந்து முழுசாகக் கண்டுபிடித்து விட்டார்கள். ஏ5/2 அதே வருஷம் காலி.

ஏ5/1 கொஞ்சம் தாக்குப் பிடித்தது. 2009 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினி கில்லாடிகள் மாநாட்டில் கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மானியர் மேடை ஏறினார். பூட்டை உடைக்கத் தேவையான கணக்கை எல்லாம் முன்கூட்டியே போட்டு, சுமார் 2 டெராபைட் அளவுக்கு அட்டவணையாக தயார் செய்து விட்டோம் என்று சொன்னார். அரசாங்கங்கள் மட்டும் கோடிக்கணக்கில் செலவழித்து செய்து வந்த வேலையை தனி ஆள் செய்யலாம் என்ற நிலைமை அன்று வந்தது.

இன்னொரு கோளாறு. 2ஜியில் டவர்தான் போனை "நீ யாரு?" என்று கேட்கும். போன் டவரைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்காது. அதனால் போலி டவர் ஒன்றை வைத்தால் போதும், சுற்று வட்டாரத்துப் போன்கள் அதோடு ஒட்டிக் கொள்ளும். "பூட்டே வேணாம், சும்மா பேசு" என்று போலி டவர் சொன்னால் போன் தலையாட்டும். 2010-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாசில் கிறிஸ் பேஜட் என்பவர் சுமார் 1,500 டாலர் செலவில் இப்படி ஒரு டவரை தயார் செய்து மேடையிலேயே செய்து காட்டினார்.

3ஜி, 4ஜியில் சாவி 128 பிட் ஆனது. டவரும் தன்னை நிரூபிக்க வேண்டும். காற்றில் பிடித்து உடைப்பது பெரிய பாடு. அதிலும் 2020-ல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில 4ஜி டவர்கள் அடுத்தடுத்த இரண்டு காலுக்கு ஒரே சாவிச் சரத்தை பயன்படுத்துவதைக் கண்டுபிடித்து, பேசி முடித்த காலையே திறந்து காட்டினார்கள். பூட்டு நல்ல பூட்டுதான், பூட்டினவன் சோம்பேறி! பிறகு அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

எல்லாம் சரி. டவரைத் தாண்டியதும் பூட்டு திறந்து விடும் என்ற கதை 4ஜியிலும் மாறவில்லை. அதனால்தான் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் நாமே ஒரு பூட்டு போடணும் என்ற யோசனை வருகிறது.

ஹிட்லர் ஆட்கள் கேட்ட சர்ச்சில் பேச்சு

குரலை கலைத்து அனுப்பும் யோசனை ரொம்ப பழசு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் இங்கிலாந்து பிரதமர் சர்ச்சிலும் கடல் தாண்டி ரேடியோ டெலிபோனில் பேசினார்கள். குரலை நாலைந்து துண்டாக வெட்டி இடம் மாற்றி அனுப்பும் ‘ஏ-3’ என்ற கருவி இருந்தது. சீட்டுக்கட்டை கலைப்பது மாதிரி.

ஜெர்மன் தபால் துறை ஆட்கள் நெதர்லாந்து கடற்கரையில் உட்கார்ந்து கொண்டு, 1942-ல் அந்த சீட்டுக்கட்டை அப்படியே அடுக்கிக் கேட்டு விட்டார்கள். பேச்சின் நகல் பெர்லினுக்குப் போனது.

அமெரிக்கா 1943-ல் ‘சிக்சாலி’ என்ற கருவியை இறக்கியது. எடை 50 டன்னுக்கு மேல்! லண்டனில் அதை வைக்க இடம் இல்லாமல் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற ஜவுளி, சாமான் கடையின் அடித்தளத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். குரலை விநாடிக்கு 50 தடவை அளந்து எண்களாக மாற்றி, அதோடு வேறு தாறுமாறான எண்களைக் கூட்டி அனுப்பும். அந்த தாறுமாறு எண்கள் இருப்பது ஒரு கிராமபோன் இசைத்தட்டில். ஒரே மாதிரி இரண்டு தட்டு. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஒரு தடவை பேசியதும் தட்டை அழித்து விட வேண்டும்.

இதை யாராலும் உடைக்க முடியவில்லை. இன்றைக்கு உங்க பாக்கெட்டில் இருக்கும் செல்போனும் குரலை விநாடிக்கு 50 துண்டாகத்தான் போடுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. 50 டன் சமாசாரம் இன்று சட்டைப் பைக்குள்.

நாதஸ்வரம் ஏன் செல்போனில் நாராசம்?

அப்படியானால் சின்னதாக ஒரு கலைப்புப் பெட்டி செய்து மைக்குக்கு முன்னால் மாட்டினால் என்ன? கலைத்த சத்தம் செல்போன் வழியாகப் போகட்டும், அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி அதை நேராக்கட்டும்.

மாட்டிப் பாருங்க, வேலைக்கு ஆகாது. காரணத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்து தெரிந்து கொள்ளலாம். அங்கே இருந்து யாராவது போன் செய்தால், அவர் பேசுவது ஓரளவு கேட்கும். பின்னால் வாசிக்கிற நாதஸ்வரமும் தவிலும் மட்டும் தகரத்தை உரசுகிற மாதிரி உடைந்து கேட்கும். கவனித்திருப்பீர்கள்.

செல்போன் உங்க சத்தத்தை அப்படியே அனுப்புவது இல்லை. அப்படி அனுப்பினால் விநாடிக்கு ஒரு லட்சம் பிட் போல ஆகும். ஒரு டவரில் ரொம்ப கொஞ்சம் பேர்தான் பேச முடியும். அதனால் போனுக்குள் ‘கோடெக்’ என்று ஒரு சுருக்கெழுத்து குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். ஒரு விநாடியில் 50-ல் ஒரு பங்கு பேச்சைக் கேட்பார். இந்த நேரத்தில் தொண்டை இப்படி அதிர்ந்தது, வாய் இப்படித் திறந்தது என்று குறிப்பு மட்டும் எழுதுவார். 2ஜியின் ஆரம்ப முறையில் அந்தக் குறிப்பு 260 பிட். விநாடிக்கு 13 ஆயிரம் பிட். அவ்வளவுதான். எதிராளியின் போன் அந்தக் குறிப்பைப் படித்து புதுசாக ஒரு குரலை உண்டாக்குகிறது. உங்க காதில் விழுவது அண்ணன் குரலே இல்லை, அண்ணன் மாதிரி மிமிக்ரி என்று சொன்னாலும் தப்பில்லை!

அந்த குமாஸ்தாவுக்கு மனுஷ வாயைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நாதஸ்வரம் வந்தால் அதையும் வாய் என்றே நினைத்து ஏதோ எழுதுவார். நன்றாக பூட்டிய பேச்சு என்பது வெறும் இரைச்சல் மாதிரி இருக்கும். "உஸ்ஸ்ஸ்..." என்று டி.வி.யில் சேனல் வராதபோது வருமே, அது. குமாஸ்தா அதைக் கேட்டதும், "யாரும் பேசலை, காத்துதான் அடிக்குது" என்று முடிவு கட்டி, பேட்டரி மிச்சம் பிடிக்க அனுப்புவதையே குறைத்து விடுவார். போதாக்குறைக்கு பின்னணி இரைச்சலைத் துடைத்து எறியும் வசதி வேறு.

இரண்டு பேரும் வேற வேற கம்பெனி என்றால் நடுவில் இன்னொரு குமாஸ்தா, திரும்பவும் மொழிபெயர்ப்பு. நீங்க பூட்டி அனுப்பிய பெட்டி அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது சாவி நுழைய துவாரமே இருக்காது.

மூக்கால் பேசும் மோடம்

இதற்கு ஒரு மாற்று வழியை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூட்டிய எண்களை இரைச்சலாக அனுப்பாமல், மனுஷக் குரல் மாதிரியே இருக்கும் சத்தமாக மாற்றி அனுப்புவது. குமாஸ்தாவை ஏமாற்றும் வேலை! இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 2000-களின் ஆரம்பத்தில் இதை செய்து பார்த்தார்கள். விநாடிக்கு சில ஆயிரம் பிட்தான் தேறியது. அதற்குள் குரலை அடக்கணும் என்றால் பேச்சு மூக்கடைத்த ரோபோ மாதிரிதான் கேட்கும்.

இந்த யோசனை வீண் போகவில்லை. 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பாவில் புது மாடலாக அனுமதி வாங்கும் கார்களில் ‘இ-கால்’ என்ற வசதி கட்டாயம். கார் மோதினால் தானாகவே 112-க்கு போன் போகும். எங்கே மோதியது என்ற 140 பைட் தகவலை பேச்சு வழியாகவே, சத்தமாக மாற்றி அனுப்பும். 140 பைட் போதும் என்ற இடத்தில் இந்த முறை ஜோர். நிம்மதியாக உட்கார்ந்து ஊர்க்கதை பேச உதவாது.

ஜெர்மனியின் பெர்லினில் ஜி.எஸ்.எம்.கே. என்ற கம்பெனி வேறு வழியில் போனது. குரல் வழியையே விட்டு விட்டு, 2ஜியில் ‘டேட்டா கால்’ என்ற வசதியைப் பிடித்துக் கொண்டது. அதில் விநாடிக்கு 9,600 பிட், எந்த குமாஸ்தாவும் கை வைக்காமல் அப்படியே போகும். குரலை அதற்குள் சுருக்கி, ஒன்றுக்கு இரண்டாக பூட்டு போட்டு அனுப்பினார்கள். போனின் பெயர் கிரிப்டோபோன். சாப்ட்வேரை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்து சரிபார்க்கலாம் என்று வெளியிட்டதும் இவர்கள்தான்.

குறை இல்லாமல் இல்லை. பேசியது போய்ச் சேர தாமதம் ஆகும். இரண்டு பேரிடமும் அதே போன் வேண்டும். வழியில் உள்ள எல்லா கம்பெனியும் டேட்டா கால் வசதி தர வேண்டும். 4ஜி வந்ததும் அந்த வசதியே இல்லாமல் போனது.

சாயப்பட்டறை ரகசியம்

பூட்டை விட பெரிய தலைவலி சாவி. சிக்சாலி காலத்தில் இசைத்தட்டை கப்பலில், விமானத்தில் ஆள் போட்டு அனுப்பினார்கள். நாம் திருநெல்வேலியில் இருக்கும் மச்சானுக்கு சாவியை எப்படிக் கொடுப்பது? போனில் சொன்னால் ஒட்டுக்கேட்கிறவனும் கேட்பானே?

1976-ல் டிஃபி, ஹெல்மேன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு வழி சொன்னார்கள். சாயப்பட்டறை கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். நீங்களும் மச்சானும் மஞ்சள் சாயம் என்று ஊரறிய பேசிக் கொள்கிறீர்கள். நீங்க அதில் உங்க ரகசிய சாயத்தைக் கலந்து அனுப்புகிறீர்கள். மச்சான் அவருடைய ரகசிய சாயத்தைக் கலந்து அனுப்புகிறார். வந்த கலவையில் ஆளுக்கு மறுபடியும் தன் ரகசிய சாயத்தை ஊற்றினால், இரண்டு பேர் வாளியிலும் ஒரே நிறம். வழியில் பார்த்தவனுக்கு கலந்த சாயம்தான் தெரியும். கலந்ததைப் பிரிக்க முடியாது. அந்தக் கடைசி நிறம்தான் சாவி. நிஜத்தில் சாயத்துக்குப் பதில் பிரம்மாண்டமான எண்கள்.

இதிலும் ஒரு கில்லாடி உள்ளே புகலாம். உங்களிடம் "நான்தான் மச்சான்", மச்சானிடம் "நான்தான் மாப்ளே" என்று சொல்லி நடுவில் உட்கார்ந்து இரண்டு வாளியையும் மாற்றி விடலாம். அதற்கும் மருந்து உண்டு. பில் ஜிம்மர்மேன் என்ற அமெரிக்கர் 2006-ல் கொண்டு வந்த ‘இசட்போன்’ முறையில், சாவியில் இருந்து ஒரு சின்ன வார்த்தை உண்டாகி இரண்டு பேர் திரையிலும் தெரியும். அதை வாயால் படித்துக் காட்டணும். ஒன்றாக இருந்தால் நடுவில் ஆள் இல்லை. குரல் தெரிந்த மனுஷன் என்பதுதான் இங்கே பாதுகாப்பு. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க! இந்த ஜிம்மர்மேன், 1991-ல் கம்ப்யூட்டர் கடிதங்களுக்கு பூட்டு செய்து ஊருக்கெல்லாம் கொடுத்ததற்காக அமெரிக்க அரசின் விசாரணையில் 3 வருஷம் அல்லாடியவர்.

அட, அந்த பூட்டு உங்க கையிலேயே இருக்கு!

பேச்சு இன்டர்நெட் வழியாகப் போக ஆரம்பித்ததும் குமாஸ்தா பிரச்சினையே தீர்ந்தது. உங்க போனே குரலை சுருக்கி, பூட்டி, பொட்டலமாக அனுப்பும். நடுவில் யாரும் பிரிக்க வேண்டியது இல்லை. 2010-ல் ‘ரெட்போன்’ என்ற ஆப் வந்தது. அதுவே பிறகு ‘சிக்னல்’ ஆனது. அதே பூட்டை வாங்கி 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் எல்லா மெசேஜுக்கும், காலுக்கும் மாட்டியது. ஒரே வருஷத்தில் உலகம் பூரா 100 கோடி பேர் கையில், கேட்காமலேயே!

அதாவது வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் சிக்னல் கிடைக்காமல் "ஹலோ ஹலோ" என்று கத்திப் பேசும் பாட்டியின் பேச்சுக்கு, சர்ச்சிலின் ஏ-3 கருவியை விட பல மடங்கு கெட்டியான பூட்டு.

சாதா காலில் பேசினால் கம்பெனி வழியாகக் கேட்க முடியும். வாட்ஸ்அப், சிக்னல் காலில் நடுவழியில் கேட்க முடியாது. ஆனால் யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்ற விவரம் வேறு சமாசாரம். சாதா காலில் அந்தக் கணக்கு முழுவதும் கம்பெனியிடம் இருக்கும். 2021 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றி, அந்தப் பதிவை 2 வருஷம் வைத்திருக்கச் சொன்னது. பல கொலை, கொள்ளை கேசில் ஆளைப் பிடிப்பது பேச்சை வைத்து அல்ல, இந்த கணக்கை வைத்துத்தான்.

காசு கொடுத்து வாங்கின பூட்டு, சாவி போலீஸ்கிட்ட!

"எங்க போன்ல பேசுங்க, கடவுளே நினைச்சாலும் கேட்க முடியாது" என்று சொல்லி விற்கிறவர்களை நம்பி கெட்டவர்கள் பட்டியல் பெரிசு.

‘என்க்ரோசாட்’ என்ற ரகசியப் போனை ஐரோப்பாவில் சுமார் 60 ஆயிரம் பேர் வைத்திருந்தார்கள். 2020-ல் பிரான்ஸ் போலீசார் அதன் சர்வருக்குள் புகுந்து எல்லா மெசேஜையும் படித்தார்கள். அடுத்த வருஷம் அதை விட கூத்து. ‘அனோம்’ என்ற போனை கடத்தல்காரர்கள் 12 ஆயிரம் பேர் விரும்பி வாங்கினார்கள். அதை நடத்தியதே அமெரிக்க எப்.பி.ஐ.தான்! 2021 ஜூனில் பல நாடுகளில் ஒரே மூச்சில் 800-க்கும் அதிகமானோர் பிடிபட்டனர்.

அரசாங்கங்களே ஏமாந்த கதையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி கம்பெனியிடம் 100-க்கும் மேற்பட்ட நாடுகள் சங்கேதக் கருவி வாங்கின. 1970 முதல் அந்தக் கம்பெனியின் ரகசிய முதலாளி அமெரிக்க சி.ஐ.ஏ.வும் ஜெர்மனி உளவுத்துறையும் என்பது 2020 பிப்ரவரியில் அம்பலமானது. வாங்கின நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

சொந்தமாக புது சங்கேத முறையை கண்டுபிடித்து போட்டால்? ஏ5/1-க்கு ஆன கதிதான். உலகம் பூரா கணக்கு வாத்தியார்கள் உடைத்துப் பார்த்து தோற்றுப்போன பூட்டுதான் நல்ல பூட்டு.

நம்ம நாட்டில் சட்டமும் கொஞ்சம் குழப்படிதான். இன்டர்நெட் கம்பெனிகளுக்கான பழைய லைசென்ஸ் விதியில், தனி ஆட்கள் அனுமதி இல்லாமல் 40 பிட் வரைதான் பூட்டு போடலாம் என்று இருந்தது. பேங்க் வெப்சைட்டே 128 பிட் பூட்டு போட்டிருந்த காலத்தில்! 2015 செப்டம்பரில் ஒரு வரைவுக் கொள்கை வந்தது. பூட்டிய செய்தியின் திறந்த நகலை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. ஒரே கூச்சல், சில நாளிலேயே வாபஸ். அதே நேரம் ஐ.டி. சட்டம் 69-வது பிரிவின்படி, அரசு கேட்டால் பூட்டைத் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் 7 வருஷம் வரை ஜெயில்.

பூட்டு போடுறதுக்கு முன்னாடியே திருட்டு

நிஜ ஆபத்து இப்போது வேறு பக்கம். பேச்சு பூட்டப்படுவது போனுக்குள். மைக்கில் விழுந்து பூட்டப்படுவதற்கு முன்னால் அது திறந்த பேச்சுதான். போனுக்குள்ளேயே வேவு பார்க்கும் ஆப் உட்கார்ந்து விட்டால் எந்தப் பூட்டும் பிரயோஜனம் இல்லை. 2021-ல் பெரிய இடத்தை எல்லாம் கலக்கிய பெகாசஸ் விவகாரம் இந்த வகைதான்.

நம்ம வீட்டு அளவில் பெகாசஸ் தேவையே இல்லை. போனை லாக் நம்பரோடு சர்வீசுக்கு கொடுப்பது, "இந்த ஃபைலை இன்ஸ்டால் பண்ணுங்க, லோன் கிடைக்கும்" என்று வரும் லிங்க்கை அமுக்குவது, கூட இருக்கிற ஆளே ராத்திரியில் போனை எடுத்து ஆப் போட்டு வைப்பது... இப்படித்தான் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் செட்டிங்சில் போய் எந்தெந்த ஆப்புக்கு மைக் அனுமதி இருக்கிறது என்று பாருங்க. டார்ச் லைட் ஆப்புக்கு மைக் எதுக்கு?

இன்னொன்று கால் ஃபார்வர்டிங். "உங்க சிம் பிளாக் ஆகப் போகுது, ஸ்டார் 401 போட்டு இந்த நம்பரை அமுக்குங்க" என்று ஒருத்தன் பேசுவான். அமுக்கினால் உங்களுக்கு வரும் கால் எல்லாம் அவன் போனுக்குப் போகும். பேங்க் ஓ.டி.பி.யை குரலில் சொல்லும் கால் உட்பட. இந்த மோசடி பெருகியதால் நம்பர் அமுக்கி ஃபார்வர்ட் செய்யும் முறையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. உங்க போனில் கால் செட்டிங்சுக்குள் கால் ஃபார்வர்டிங் என்ற இடத்தில் தெரியாத நம்பர் இருந்தால் உடனே எடுத்து விடுங்க. பணம் போயிருந்தால் 1930-க்கு போன் போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

போலி டவர் பயம் இருப்பவர்கள், 2021-க்கு அப்புறம் வந்த பல ஆண்ட்ராய்டு போன்களில் 2ஜியை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று சிம் செட்டிங்சில் பார்க்கலாம். பட்டன் போனில் அந்த வசதி கிடையாது.

வாட்ஸ்அப்பிலும் நடுவில் ஆள் இல்லையா என்று சோதிக்க வழி இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. எதிராளியின் பெயரைத் தொட்டு ‘என்கிரிப்ஷன்’ என்ற இடத்தை அமுக்கினால் 60 இலக்க நம்பர் வரும். அவர் போனிலும் அதே நம்பர் வரணும். நேரில் பார்க்கும்போது ஒரு தடவை ஒப்பிட்டால் போதும். அவர் போனை மாற்றினாலோ, வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி போட்டாலோ அந்த நம்பரும் மாறும்.